கதைப் புத்தகமும் மழலைப் பேச்சும்: வாசகர் கேள்வி – பதில்

சின்னக் குழந்தைகளின் பேச்சும் வாசிப்பும் பற்றி இந்த முறை வந்த கேள்விகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரும் மழலையர் கல்வி ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

என் மகனுக்கு 2 வயது 2 மாதம். அம்மா, தாத்தா, காக்கா என்று மொத்தம் 15 சொற்கள்தான் வருகின்றன. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான். நாக்குல வசம்பு தடவு, வந்துடும்" என்கிறார் மாமியார். கதைப் புத்தகம் காட்டினால் பேச்சு வளரும் என்று படித்தேன். எப்படிக் காட்டுவது?
– வாசகி, திண்டுக்கல்

முதலில் காதைச் சோதித்துவிடுங்கள். 2 வயது முடியும்போது ஏறக்குறைய 50 சொற்களும், 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வதும் எதிர்பார்க்கப்படும். உங்கள் மகன் அதற்கு வெகுவாகக் கீழே இருக்கிறான். தாமதமாகப் பேசத் தொடங்கித் தாமாகவே எட்டிப்பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப்பிடிக்கும், எது நின்றுவிடும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதனால் 3 வயது வரை பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

கதவு தட்டினால் திரும்புகிறான், ஆகவே காது கேட்கிறது என்று பல வீடுகளில் முடிவு கட்டிவிடுகிறார்கள். நடுக்காதில் நீர் கோத்திருக்கும் குழந்தையும் கதவுச் சத்தத்துக்குத் திரும்பும். பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள்தாம் அதற்குத் தேய்ந்து கேட்கும். ஓ.ஏ.ஈ., பெரா என்ற இரண்டு கேட்புத்திறன் சோதனைகளுக்கும் குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை, தூங்கும்போதே செய்யலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேளுங்கள். 'டி.இ.ஐ.சி.' என்று சொல்லப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பேச்சுப் பயிற்சியாளரையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். வசம்பு பேச்சை வரவைக்காது. உள்ளே போனால் வாந்தி உண்டாக்கக்கூடியது, தடவாதீர்கள்.

இனி புத்தகம். கெட்டி அட்டையில் 8 முதல் 12 பக்கம், ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு படம், அதுவும் அவன் தினமும் பார்க்கிற நாய், செருப்பு, தம்ளர், பஸ். இப்படி ஒரு புத்தகம் போதும். அவனை மடியில் வைத்து இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்காராதீர்கள். உங்கள் வாய் அவனுக்குத் தெரியாது. எதிரே உட்கார வைத்து, புத்தகத்தை உங்கள் மோவாய்க்குக் கீழே பிடியுங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை.

அவன் எதைத் தொடுகிறானோ அதைப் பற்றி ஒரே ஒரு சின்ன வாக்கியம்: "நாய் ஓடுது." பிறகு வாயை மூடிக்கொண்டு, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இந்த ஐந்து விநாடி பெரியவர்களுக்கு நெடுநேரமாகத் தோன்றும். ஒரு விநாடியிலேயே அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவோம். மெதுவாகப் பேசுகிற குழந்தைக்குக் கேட்டதைப் புரிந்து, சொல்லைத் தேடி, வாயைக் கூட்ட அந்த நேரம் வேண்டும். 'ஆய்' என்று ஏதோ சொன்னாலும் அது 'நாய்'தான். "ஆமா, நாய்! பெரிய நாய்!" என்று அவன் சொன்னதோடு ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். ஒரு சொல்தான், ஒரு பத்தி அல்ல.

பெயர்களை மட்டும் சொல்லிக் கொடுப்பது வழக்கமான தவறு. இருபது விலங்கின் பெயர் தெரிந்தும் இரண்டு சொல்லைச் சேர்க்கத் தெரியாத பிள்ளைகள் இதனால்தான் உருவாகிறார்கள். சேர்ப்பதற்கு வினைச்சொல் வேண்டும். 'வா', 'போ', 'குடி', 'தூக்கு', 'விழுந்துடுச்சு', 'காணோம்', 'போச்சு' போன்றவற்றை ஒரு புத்தகத்துக்கு ஆறேழு என்று எடுத்துக்கொண்டு, வாரம் முழுக்க அவற்றையே புழங்குங்கள். படத்தைக் கையால் மூடி "காணோம்!" என்று சொல்லித் திறந்தால் அந்தச் சொல் சீக்கிரம் வந்துவிடும்.

"இது என்ன? அது என்ன?" என்று அடுக்காதீர்கள், அவனுக்கு அது பரீட்சை. "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்தினால் புத்தகத்தைக் கண்டாலே எழுந்து போவான். கேட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு விடை கொடுத்துக் கேளுங்கள்: "பூனையா, நாயா?" கடைசியில் கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வது இந்த வயதில் பொதுவானது. ஆகவே சில தடவை சரியான விடையை முன்னால் வையுங்கள். புரிந்து சொல்கிறானா என்பது தெரிந்துவிடும்.

இந்த முறைக்கு நல்ல சான்று இருக்கிறது. நியூயார்க்கில் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரின் குழு 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினர் வழக்கம்போல வாசித்தார்கள். மற்றவர்கள் கேட்டு, காத்திருந்து, பிள்ளை சொன்னதை நீட்டிச் சொல்லும் முறையில் வாசித்தார்கள். ஒரே மாதத்தில் இந்த இரண்டாவது பகுதியினரின் பிள்ளைகள் பேச்சில் முன்னே போய்விட்டார்கள். இரு சாராரும் வீட்டில் வாசித்தவர்கள்தாம். வித்தியாசம், பிள்ளை எவ்வளவு பேச இடம் கிடைத்தது என்பதில் இருந்தது.

என் மகளுக்கு 8 மாதம். புத்தகம் கொடுத்தால் கடிக்கிறாள், கிழிக்கிறாள். கொஞ்ச நாள் கழித்துக் காட்டலாமா?
– வாசகர், கரூர்

இப்போதே காட்டுங்கள். அந்த வயதில் எதையும் வாயால்தான் அறிவார்கள். துணிப் புத்தகம் அல்லது அட்டைப் புத்தகம் கொடுங்கள்; ஈரத் துணியால் துடைத்து வையுங்கள். ஸ்டேப்ளர் பின் போட்ட மெல்லிய புத்தகம் வேண்டாம், பின் கழன்று வாய்க்குள் போகும். இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் போதும். கதையை முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, அவள் பார்க்கும் படத்தின் பெயரைப் பாடுவதுபோல் இழுத்துச் சொல்லுங்கள்.

கதைப் புத்தகத்தில் 'அவன் மரத்தின் மீது ஏறினான்' என்று இருக்கிறது. வீட்டில் நாங்கள் 'மரத்துமேல ஏறினான்' என்போம். உள்ளபடியே வாசிப்பதா, நம் பேச்சுக்கு மாற்றிச் சொல்வதா? மகளுக்கு 4 வயது.
– வாசகி, மதுரை

தமிழில் வாசித்துக் காட்டுகிற ஒவ்வொரு பெற்றோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. இதற்கு ஒரே விடை கிடையாது; வயதுக்கு வயது மாறும்.

3 வயது வரை முழுக்கப் பேச்சுத்தமிழ். எழுத்தில் என்ன இருந்தாலும் படத்தைப் பார்த்து உங்கள் வீட்டு மொழியில் சொல்லுங்கள். அந்த வயதில் குழந்தை தானே சொல்லப்போகும் வடிவம்தான் காதில் விழ வேண்டும். 'வேண்டும்' என்று எத்தனை தரம் கேட்டாலும் அவள் சொல்லப்போவது 'வேணும்'தான்.

3 முதல் 4 வரை, கதை உங்கள் பேச்சில் போகட்டும். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியை மட்டும் எழுத்தில் உள்ளபடி வாசியுங்கள். நாலு பக்கத்துக்கு ஒரு தரம் 'ஆனால் குருவியைக் காணவில்லை' என்று வருகிறதென்றால், அந்த வரியில் விரல் வைத்து, அப்படியே. மூன்றாம் நாள் அவளே 'காணவில்லை' என்று முடிப்பாள். எழுத்துத்தமிழின் ஓசை இப்படி வலியில்லாமல் காதுக்குள் போய்விடும்.

உங்கள் மகளின் வயதில் ஒரே புத்தகத்தை மூன்று விதமாக வாசிக்கலாம். முதல் நாள் படம் பார்த்துக் கதை, முழுக்க வீட்டு மொழியில். கதை தெரிந்துவிட்டதால், இரண்டாம் நாள் எழுத்தில் உள்ளபடி வாசித்தாலும் அவள் தொலைந்துபோக மாட்டாள். வாசிக்குமுன் புரியாத நாலைந்து சொல்லின் மேல் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்: 'சென்றான்', 'அருகில்', 'மீது', 'உடனே'. அந்த இடம் வரும்போது வாக்கியத்தை முழுசாக வாசித்து முடித்த பிறகு "மீது-ன்னா மேல" என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போங்கள். பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் கதை அறுந்துவிடும். மூன்றாம் நாள் அவள் கதை சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். அவள் சொல்வது பேச்சுத்தமிழில்தான் இருக்கும், இருக்க வேண்டும். 'ஏறிச்சு' என்றால் 'ஏறியது-ன்னு சொல்லு' என்று திருத்தாதீர்கள். திருத்தினால் பிள்ளை கதையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அடுத்த தரம் ஒரு வரியில் முடித்துக்கொள்ளும். மதுரைப் பேச்சோ, கொங்குப் பேச்சோ, நெல்லைப் பேச்சோ, எதுவும் இதற்குக் குறைந்ததில்லை.

ஒன்றை மட்டும் தவிருங்கள்: ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் கலப்பது. 'அவன் மரத்தின் மீது ஏறிட்டான்' என்று வாசித்தால் இரண்டு வடிவத்தில் ஒன்றுகூட உருப்படியாக மனத்தில் பதியாது.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? ஒன்றாம் வகுப்பில் பாடப்புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு எழுத்தும் புதிது. அந்த எழுத்தைக் கூட்டினால் வரும் 'வருகிறது', 'அவர்கள்', 'வீட்டில்' ஆகியவையும் புதிது. 'வ-ரு-கி-ற-து' என்று கஷ்டப்பட்டுக் கூட்டியும், அது தனக்குத் தெரிந்த 'வருது'தான் என்பது பிடிபடாவிட்டால் வாசித்த பலனே கிடைக்காது. 4 வயதிலிருந்து காதால் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அந்தச் சுமையில் பாதி குறைந்துவிடும். பின்னாளில் அவள் 'வருகிறது' என்பதை 'வருது' என்றே வாசித்தால் கவலைப்படாதீர்கள். பொருள் புரிந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். "சரிதான். இங்க நடுவுல ஒரு 'கி' இருக்கு பாரு" என்று எழுத்தின் பக்கம் கண்ணைத் திருப்பினால் போதும்.

எனக்குப் பள்ளிக்கூடம் போன பழக்கம் இல்லை. பகலில் பேத்தியைப் பார்த்துக்கொள்வது நான்தான். மூணு வயது. ஒரே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து "படி ஆத்தா" என்கிறாள். நான் என்ன செய்வது? (பக்கத்து வீட்டுப் பெண் எழுதித் தந்தது)
– ஒரு பாட்டி, மன்னார்குடி

அம்மா, நீங்கள் படம் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் பேத்திக்கு இந்த வயதில் வேண்டியதை எல்லாம் உங்களால் தர முடியும். எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்கள் கடைகளில் உண்டு. அடுத்த தரம் அதைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். எழுத்து உள்ள புத்தகம் என்றாலும் ஒரு நாள் சொன்னபடியே மறுநாளும் சொல்ல வேண்டியதில்லை. "இந்த ஆட்டுக்குட்டி ஏன் அழுவுது?" என்று கேட்டுவிட்டு அவள் சொல்வதை ஒட்டிக் கதையைக் கொண்டு போங்கள். படித்தவர்கள் பலர் எழுத்தைப் பார்த்து ஒப்பித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பேச வாய்ப்பே இருக்காது. உங்களிடம் அந்தச் சிக்கல் இல்லை.

ஒரே புத்தகத்தைக் கொண்டுவருவது நல்லதுதான். முதல் தரம் பிள்ளை படத்தைத்தான் பார்க்கும். நாலாம் தரம் 'ஏன்' என்று கேட்கும். பத்தாம் தரம் தானே சொல்லும். பாதியில் நிறுத்தி, கடைசிச் சொல்லை அவளுக்கு விட்டுக் கொடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். நாலு வெள்ளைத் தாளை நடுவில் மடித்து ஊசி நூலால் தைத்தால் 16 பக்கப் புத்தகம். அதில் பிஸ்கட் உறை, தீப்பெட்டிப் படம், வீட்டுப் போட்டோ எல்லாம் ஒட்டுங்கள். சாயந்தரம் அவள் அம்மா வந்ததும், ஒவ்வொரு படத்துக்கும் பேத்தி சொல்கிற ஒரு வரியை அவள் சொன்ன வார்த்தையிலேயே கீழே எழுதித் தரட்டும். தான் சொன்னதுதான் எழுத்தாக நிற்கிறது என்று ஒரு குழந்தைக்குப் புரிகிற வேலை அது. அரிச்சுவடியில் அது கிடைக்காது.

மகன் ஆங்கிலவழிப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்திருக்கிறான். வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசச் சொல்கிறார்கள். தமிழ்க் கதைகளை நிறுத்திவிடவா? எங்களுக்கு ஆங்கிலம் சுமார்தான்.
– வாசகர், ஆவடி

நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதமாவதில்லை. ஆனால் பெற்றோர் தங்களுக்குச் சரளமில்லாத மொழிக்கு மாறினால் வீட்டில் பேச்சே சுருங்கிவிடும்: 'கம்', 'சிட்', 'ஈட்', 'டோன்ட் டூ' என்று கட்டளைகள்தாம் மிஞ்சும். ஏன், எப்படி, அப்புறம் என்ன என்ற நீண்ட பேச்சுக்கு ஆங்கிலம் வராது, தமிழும் போய்விடும். 'ஆவியாகிறது', 'பொறாமை', 'நடுவில்' என்ற கருத்துகள் தமிழில் தெளிவாகப் புரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் புதிதாக வேண்டியது அந்தந்தச் சொல் மட்டுமே.

இருமொழிப் புத்தகம் வைத்திருந்தால் வரிக்கு வரி மொழிபெயர்த்து வாசிக்காதீர்கள். அடுத்து தமிழ் வரும் என்று தெரிந்தால் ஆங்கிலம் ஓடும்போது பிள்ளை காதைக் கொடுக்காது. ஒரு நாள் முழுக்கத் தமிழில், இன்னொரு நாள் முழுக்க ஆங்கிலத்தில் வாசியுங்கள். "எனக்கு பிக் பால் வேணும்" என்று கலந்து பேசுவது அந்த வயதில் இயல்பு. அவன் சொல்வளத்தை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்தே எண்ணுங்கள். மெய்யான பேச்சுத் தாமதம் என்றால் இரண்டு மொழியிலும் தெரியும்.

மகளுக்கு 4 வயது 3 மாதம். காக்காவை 'தாத்தா' என்கிறாள். 'கட்டில்' என்றால் 'தத்தில்'. ர, ழ வரவில்லை. நாக்கு ஒட்டியிருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். கதை வாசித்தால் சரியாகுமா?
– வாசகி, ஈரோடு

ர, ழ இரண்டும் கடைசியாக வருபவை. 5, 6 வயது வரை பொறுக்கலாம். க-வுக்குப் பதில் த சொல்வது வேறு. பெரும்பாலான பிள்ளைகள் அதை 4 வயதுக்குள் விட்டுவிடுவார்கள். ஆகவே ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிடுங்கள். நாக்கின் கீழ் இழை ஒட்டியிருந்தால் நாக்கு நுனி மேலே எழும்புவதுதான் தடைபடும். க பிறப்பது அடிநாக்கில். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்காக அறுத்துவிடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

வீட்டில் புத்தகத்தை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தலாம். ஒன்று, கேட்க வைப்பது. காக்கா, குரங்கு, கரடி என்று க நிறைய வரும் கதையாக எடுத்து, அந்த ஒலியைச் சற்றே அழுத்தி, ஒரு வாசிப்பில் 15 தடவையாவது காதில் விழும்படி வாசியுங்கள். அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டாம். இரண்டு, வித்தியாசத்தை உணர வைப்பது. காக்கா – தாத்தா, காய் – தாய், கட்டு – தட்டு என்று இணை இணையாகப் படம் வரைந்து வையுங்கள். நீங்கள் சொல்ல அவள் தொடட்டும். பத்துக்கு எட்டு தடவையாவது சரியாகத் தொட்ட பிறகு, அவள் சொல்ல நீங்கள் தொடுங்கள். அவள் காக்காவை நினைத்துக்கொண்டு 'தாத்தா' என்றால் தாத்தா படத்தைத்தான் தொட வேண்டும். தான் சொன்னது வேறாகப் போகிறது என்று அவளுக்கே தெரியும் இடத்தில்தான் திருத்தம் தொடங்கும். சேர்ந்து சிரிக்கவோ, உறவினர் முன் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கவோ விடாதீர்கள்.

அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். 18 குழந்தைகள், 2 முதல் 5 வயது. கையகலப் புத்தகங்கள்தாம் இருக்கின்றன. பின்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்து ஓடிவிடுகிறார்கள்.
– வாசகி, பரமக்குடி

18 பேருக்கு ஒரு சிறு புத்தகத்தைக் காட்டவே முடியாது. குழந்தைகள் ஓடுவதில் தவறில்லை. 5, 6 பேராகப் பிரியுங்கள். ஒரு குழு உங்களோடு பத்து நிமிடம்; மற்றவர்கள் உதவியாளரோடு பொம்மை, கட்டைகள். ஒரு நாளில் எல்லாக் குழுவுக்கும் முடியாவிட்டாலும் வாரத்தில் இரண்டு முறையாவது ஒவ்வொரு குழந்தையும் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும். வயது கலந்தே பிரிக்கலாம், ஆனால் 2 வயதுக் குழந்தைகளை மட்டும் தனிக்குழுவாக, நாலே நிமிடம்.

அரைவட்டமாக உட்கார வைத்து, நீங்களும் தரையில் உட்கார்ந்து, புத்தகத்தை முகத்துக்குப் பக்கவாட்டில் குழந்தைகளின் கண் மட்டத்தில் பிடியுங்கள். மடியில் வைத்துக் குனிந்து வாசித்தால் குரலும் கீழே போகும், படமும் தெரியாது. பக்கவாட்டில் பிடித்து வாசிக்க முந்தின நாளே ஒரு தரம் பழகிக்கொள்ளுங்கள்.

முந்திக்கொண்டு பதில் சொல்லும் இரண்டு பேர் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். பேசாத பிள்ளையிடம் 'ஏன்' கேட்காதீர்கள், "மாடு எங்க, தொட்டுக் காட்டு", "மாடு எப்படிக் கத்தும்?" என்று செய்ய முடிந்ததைக் கேளுங்கள். 4 வயதுப் பிள்ளைகளிடம் கதைக்கு வெளியே போங்கள்: "உங்க வீட்டுல மழை வந்தா தண்ணி எங்கல்லாம் ஒழுகும்?" நீண்ட பதில்கள் இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் வரும்.

கதை முடிந்ததும் இரண்டு நிமிடம் ஒலி விளையாட்டு. மோனையும் எதுகையும் நம் கையில் இருக்கும்போது வேறெதையும் தேட வேண்டாம். கதையில் வந்த 'பூனை'யை எடுத்துக்கொண்டு 'பூ'வில் தொடங்கும் இன்னொன்று கேளுங்கள்: பூட்டு, பூசணி. 4 வயதுக்கு மேல் தட்டு, கட்டு, பட்டு என்று ஒலி ஒத்துவருவதைச் சேர்க்கலாம். எழுத்து காட்ட வேண்டாம். காது மட்டும் போதும்.

மகன் யு.கே.ஜி. 247 எழுத்தையும் ஒப்பிப்பான். 'பட்டம்' என்று எழுதிக் காட்டினால் 'ப… இட்… ட… இம்' என்று நிற்கிறான். கதைப் புத்தகம் எப்போது தானாக வாசிப்பான்?
– வாசகர், வேலூர்

அவன் சொன்னதிலேயே சிக்கல் இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்தைத் தனியே உச்சரிக்க முடியாது என்பதால் இக், இங், இச் என்று முன்னால் ஓர் 'இ' சேர்த்துச் சொல்லித் தருகிறோம். அவன் அந்த 'இ'யையும் சேர்த்தே கூட்டுகிறான். 'ப-இட்-ட-இம்' எத்தனை வேகமாகச் சொன்னாலும் 'பட்டம்' ஆகாது. ஆகவே வாசிக்கும்போது புள்ளி எழுத்தை எப்போதும் அதற்கு முந்தின எழுத்தோடு சேர்த்தே காட்டுங்கள். 'பட்' என்பதன் கீழ் ஒரு வளைவு, 'டம்' என்பதன் கீழ் ஒரு வளைவு. நாலு எழுத்து, இரண்டு துண்டு: பட்–டம். பாட்–டி, தாத்–தா, அம்–மா, கு–ரங்–கு, எல்லாம் இப்படியே.

அதற்கு முன் எழுத்தில்லாமல் காதால் கூட்டத் தெரிகிறதா என்று பாருங்கள். "மா… டு. என்ன?" "குரங்… கு?" இது வராத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டிப் பயனில்லை, ஒரு வாரம் பஸ்ஸில், குளிக்கும்போது என்று வாயாலேயே விளையாடுங்கள்.

ஒப்பிப்பதையும் நம்பாதீர்கள். 'க கா கி கீ' வரிசை அவனுக்குப் பாட்டு. ஒரு பக்கத்தில் அங்கங்கே விரல் வைத்துக் கேட்டால் எத்தனை எழுத்து உண்மையில் தெரியும் என்பது விளங்கும். 247ஐயும் முடித்துவிட்டுத்தான் சொல் என்று காத்திருப்பதும் தேவையில்லை. ட, ப, ம, த என்ற எளிய வடிவங்களோடு கால், புள்ளி, மேல்விலங்கு சேர்ந்தாலே படம், பாடம், பட்டம், மாமா, தாத்தா, பாட்டி என்று ஒரு சிறு கதைக்கான சொற்கள் கிடைத்துவிடும்.

கொம்பு வரும் எழுத்துகளில் இரண்டாவது தடுமாற்றம் வரும். கெ, கே, கை மூன்றிலும் குறி இடப்பக்கம் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் பிள்ளை கொம்பில் இடறும். கொ, கோ இன்னும் கடினம், இருபக்கமும் குறி. இவற்றைப் பிரித்து விளக்காமல், பக்கத்து எழுத்துகளை இரண்டு விரலால் மறைத்து ஒரே உருவமாகக் காட்டுங்கள். கௌ வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதன் பின்குறி 'ள' போலவே இருப்பதால் 'கெள' என்றுதான் வாசிப்பான். 'காகம்' என்ற சொல்லில் ஒரே க இரண்டு விதமாக ஒலிக்கிறது. இதற்கு விதி சொல்லாதீர்கள். சொல்லை ஒரு தரம் சரியாகச் சொல்லிக் காட்டினால் தெரிந்த சொல் என்று பிடித்துக்கொள்வான்.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது வாக்கிய நீளத்தை மட்டும் பார்க்காமல் சொல்லின் நீளத்தையும் பாருங்கள். 'சாப்பிட்டுக்கொண்டிருந்தான்' ஒரே சொல்லில் 13 எழுத்து. மூன்று சொல் வாக்கியம் என்று நம்பி வாங்கினால் பிள்ளை மலைத்துவிடும். ஒரு பக்கத்துக்கு 3 முதல் 5 சொல், பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவே தெளிவான இடைவெளி, படத்தின் மேல் ஏறாத எழுத்து. இவை இருந்தால் எடுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று சொல்லுக்கு மேல் திணறினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அவன் வாசிக்க இன்னும் எளியது கொடுங்கள். நீங்கள் வாசிக்கும்போது பக்கத்துக்கு இரண்டு மூன்று சொல்லின் கீழ் மட்டும் விரலை நகர்த்துங்கள். விரல் இல்லையென்றால் பிள்ளைகளின் கண் படத்திலேயே நிற்கும், எழுத்தைப் பார்ப்பது அபூர்வம்.

புத்தகம் வாங்க அதிகம் முடியாது. கைபேசியில் கதை வீடியோ போட்டால் அதே பலன் கிடைக்காதா? பிள்ளைக்கு 3 வயது.
– வாசகி, நாகர்கோவில்

கிடைக்காது. வீடியோ உங்கள் பிள்ளைக்காக நிற்காது. அவள் சொன்னதைக் கேட்டு ஒரு சொல்லைக் கூட்டித் தராது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதலின்படி 2 வயதுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 4 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

ஆனால் கைபேசியைப் புத்தகமாகப் பயன்படுத்தலாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. தரவிறக்கிக்கொள்ளலாம், அச்சிடவும் அனுமதி உண்டு. நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலை 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலை 600 வரை. 3 வயதுக்கு முதல் நிலையே போதும், அதிலும் பக்கத்துக்கு ஒரு வரி உள்ளதாகப் பாருங்கள். தரவிறக்கியதும் இணையத்தை அணைத்துவிட்டு, கைபேசி உங்கள் கையிலேயே இருக்கட்டும். அவள் கைக்குப் போனால் பக்கம் பறக்கும், கதை நிற்காது. ஒரு கதையைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுத் தைத்துக் கொடுத்தால் வண்ணத்தை அவளே தீட்டிக்கொள்ளலாம். தேசியப் புத்தக நிறுவனம் தமிழில் வெளியிடும் குழந்தைப் புத்தகங்கள் விலை குறைவு. மாவட்ட மைய நூலகத்தின் சிறுவர் பகுதியில் உறுப்பினராகிவிட்டால், வாங்கும் செலவில்லாமல் புத்தகத்தை மாற்றி மாற்றி எடுத்து வரலாம்.